தோளில் துண்டு, இடுப்பில் துண்டு

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. ஆடை மானத்தைக் காப்பதோடு நிற்பதில்லை. அணிந்தவர் எங்கே செல்கிறார், யாரைக் காணச் செல்கிறார் என்பதையும் அது சொல்லிவிடும். தாமிரவருணிக் கரையில் ஒருவர் சாரம் கட்டியிருந்தால் அவர் வீட்டிலோ கடையிலோ ஆற்றுக்குக் குளிக்கப் போகும் வழியிலோ இருக்கிறார் என்று பொருள். எட்டு முழ வேட்டி உடுத்தித் தோளில் நேரியல் அணிந்திருந்தால் அவர் கல்யாண வீட்டுக்கோ பெரிய மனிதரைக் காணவோ புறப்பட்டிருக்கிறார். இந்தப் படிநிலைகள் எந்த நூலிலும் சட்டமாக எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் அவற்றை மீறியதற்காக மனிதர்கள் அடிபட்ட காலம் ஒன்று இருந்தது. ஆடவர் உடையின் வரலாறு ஒருவகையில் மனித மதிப்பின் வரலாறே ஆகும்.

ஒரே துணி, பல படிகள்

வேட்டி தைக்கப்படாத ஒரு நீளத் துணி. அதன் தகுதியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அளவும் கரையும் கட்டும் முறையுமே. ஒற்றையாகக் கட்டும் நாலு முழம் அன்றாட உழைப்புக்கு உரியது. இரட்டையாகக் கட்டும் எட்டு முழம் சபைக்கு உரியது. பத்து முழத்தைக் கச்சம் வைத்துக் கட்டும் பஞ்சகச்சம் வைதிகச் சடங்குக்கு உரியது. மயில்கண் கரையும் சரிகைக் கரையும் மேலும் ஒருபடி ஏற்றிவைக்கும். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி நடப்பவர், எதிரே பெரியவர் வரக்கண்டால் மடிப்பை அவிழ்த்துக் கீழே தழைய விடுவார். உடை மாற்றாமலே மரியாதையை மாற்றிக்காட்டும் எளிய முறை இது.

சாரம் இரு முனைகளும் சேர்த்து மூட்டப்பட்டது. கைலி என்றும் லுங்கி என்றும் வழங்கும் இவ்வுடையை நெய்வதில் பேர் பெற்றவை மேலப்பாளையத்துத் தறிகள். கட்டம் போட்ட வண்ணச் சாரம் வீட்டுடை. வெள்ளைச் சாரமோ வெளுத்த வேட்டியோ முழுக்கைச் சட்டையோடும் தொப்பியோடும் சேரும்பொழுது பெருநாள் தொழுகைக்குரிய உடையாகிவிடுகிறது. துணியின் வடிவம் ஒன்றே. அதனோடு சேர்வன மாறுகையில் அதன் படியும் மாறுகிறது.

ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட்

இவ்வியல்பு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இப்பள்ளத்தாக்கோடு தொடர்புடைய ஸ்காட்லாந்து நாட்டிலும் இதனைக் காணலாம். பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி 1885இல் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கிய ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களுடைய ஆலைகள் 1974இல் இணைந்த கோட்ஸ் நிறுவனமும் அந்நாட்டின் பெய்ஸ்லி நகரில் நூல் செய்து வளர்ந்ததே.

அந்நாட்டின் மலைப்பகுதி ஆடவர் இடையில் கட்டம் போட்ட கம்பளித் துணியைக் கொசுவம் வைத்து உடுத்துவர். அதுவே கில்ட். பகல் வேளைக்கு முரட்டுக் கம்பளிக் கோட்டும் சாதாரணக் கழுத்துப் பட்டியும் தோலாலான இடுப்புப் பையும் போதும். மாலை விருந்துக்கு வெள்ளிப் பொத்தான் பதித்த கறுப்புக் குறுங்கோட்டும் வண்ணத்துப்பூச்சி முடிச்சும் மென்மயிர்ப் பையும் வேண்டும். மிக உயர்ந்த அவைக்குக் கழுத்தில் சரிகைப் பின்னல் தொங்கும். எல்லாப் படிகளிலும் கில்ட் ஒன்றே, சுற்றியுள்ளவையே மாறுகின்றன.

அந்தக் கில்ட்டும் ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. 1746இல் கலோடன் போரில் மலைநாட்டார் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவ்வுடையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. முதல் முறை அணிந்தவருக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை அணிந்தவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அரசனுடைய படையில் சேர்ந்தவருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னன் எடின்பரோ நகருக்கு வந்தபொழுது தானே கில்ட் அணிந்து காட்சி தந்தான். தண்டனைக்குரிய உடை எழுபத்தாறு ஆண்டுகளில் அரசவை உடையாயிற்று. துணி மாறவில்லை, அதைக் கண்ட அதிகாரத்தின் கண்ணே மாறிற்று.

முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே

தென்னாட்டில் அத்தகைய தடையை விதித்தது நாடாளுமன்றமன்று. ஊர் வழக்கமே விதித்தது. தெற்குத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் இடுப்புக்கு மேல் ஆடை அணிதல் கூடாது என்பது விதியாக இருந்தது. பெண்கள் தொடங்கி நடத்திய தோள்சீலைப் போராட்டம் பல்லாண்டு நீடித்து, 1859 ஜூலை 26ஆம் நாள் அரச ஆணையில் ஓரளவு வெற்றி கண்டது. அதே மண்ணில் சாமிதோப்பில் தோன்றிய அய்யா வைகுண்டர் (1809–1851), தலைப்பாகை மறுக்கப்பட்ட ஆடவரைத் தலைப்பாகை கட்டியே வழிபடச் செய்தார். தலையில் சுற்றிய துணி அவர்களுக்கு அணிகலன் அன்று. நிமிர்ந்து நிற்பதற்கான உரிமை.

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. திருநெல்வேலிக்கு அண்டையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் சிலர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை உடுத்தக்கூடாது. சட்டை, பனியன், கோட்டு அணியக்கூடாது என்பன அவற்றுள் அடங்கும். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையர் ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிவுசெய்துள்ளார். வேட்டியின் நீளமே இங்குக் குற்றத்தின் அளவாயிற்று.

தோள்துண்டின் கதையும் இதுவே. மேல்சாதியார் எதிர்ப்பட்டால் தோளிலிருக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கவோ இடுப்பில் கட்டவோ வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மணவீடுகளில் நாகசுரக் கலைஞரும் இதற்குத் தப்பவில்லை. சுயமரியாதை இயக்கம் தோளில் துண்டு போடுவதையே ஓர் அறைகூவலாக்கியது. நாகசுரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஷெர்வானி அணிந்து மேடையேறினார் என்றால், அது வெறும் ஆடம்பரமன்று.

கோட்டும் தலைப்பாகையும்

சாதி கீழே தள்ளியது போலவே அன்னிய ஆட்சி வேறொரு படியை மேலே வைத்தது. அரசு விழாக்களுக்கு ஐரோப்பியக் காலணி அணிந்து வரும் இந்தியர் அதனைக் கழற்ற வேண்டியதில்லை என்று 1854இல் கல்கத்தாவில் ஆங்கில அரசு தீர்மானித்தது. நாட்டுச் செருப்பு அணிந்தவரோ வாசலிலேயே விட்டுவர வேண்டும். ஆகவே படித்த தமிழர் இருவழியும் தழுவினர்: இடையில் வேட்டி, மேலே கழுத்து மூடிய கோட்டு, தலையில் பாகை. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பாரதியின் உருவம் தமிழர் நெஞ்சில் பதிந்திருப்பது கோட்டும் தலைப்பாகையுமாகவே.

இந்தப் படிக்கட்டைத் தலைகீழாக்கியவர் காந்தியடிகள். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் அவர் மேலாடையைத் துறந்து முழத்துண்டுக்கு மாறினார். 1931இல் இலண்டன் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோதும் அவ்வுடையும் ஒரு போர்வையுமே அணிந்திருந்தார். உழவனின் உடை அரசவைக்குள் நுழைந்தது. நாடு விடுதலை பெற்றபின் காமராசரின் வேட்டியும் நீண்ட சட்டையும் முதலமைச்சர் நாற்காலிக்குரிய உடையாயின.

வாசலில் நிறுத்தப்பட்ட வேட்டி

ஆயினும் சில வாசல்கள் திறக்கவில்லை. 2014 ஜூலை 11ஆம் நாள் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் மனமகிழ் மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியுடன் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. வெள்ளையர் ஏற்படுத்திய மன்ற மரபு, அவர்கள் வெளியேறி அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தும் வாசலில் காவல் நின்றது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களில் தடுத்தால் உரிமம் பறிபோகும்; ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. நீதிபதிக்கு நேர்ந்ததால் சட்டம் விரைந்து வந்தது. பெயர் தெரியாத உழவனும் தொழிலாளியும் அதற்கு முன் எத்தனை வாசல்களில் திரும்பினர் என்பதற்குக் கணக்கில்லை.

உடையில் படிநிலை இருப்பது தவறன்று. மணவீட்டுக்கும் துக்கவீட்டுக்கும் வேறுபாடு காட்டுவது பண்பாடு. திருச்செந்தூரில் ஆடவர் சட்டையைக் கழற்றி முருகன் சந்நிதிக்குள் செல்கின்றனர். பள்ளிவாசலில் தலையை மறைத்துத் தொழுகின்றனர். ஓரிடத்தில் களைவது மரியாதை. மற்றோரிடத்தில் அணிவது மரியாதை. இரண்டும் தாமே விரும்பிச் செய்வன. இறைவன் திருமுன் துண்டை இடுப்பில் கட்டும் கை பக்தியைக் காட்டுகிறது. அதே கையை, அதே துண்டை, மற்றொரு மனிதனின் முன் அவ்வாறு கட்டச் சொன்னபோது அது அடிமைத்தனமாயிற்று. துணி ஒன்றுதான்; கட்டுபவனின் விருப்பமா, காண்பவனின் கட்டளையா என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது. தோளில் துண்டோடு தெருவில் நடக்கும் இன்றைய இளைஞன் அதன் எடையை உணர்வதில்லை. அவ்வாறு உணராமல் நடப்பதற்காகவே அவன் முன்னோர் பலர் அடி தாங்கினர்.