ஆசானும் ஒற்றனும்

முதலாம் உலகப்போரின் பின்னர் யப்பானியக் கடற்படை விமானப் பயிற்சிக்குப் பிரித்தானியாவையே நாடியது. 1921இல் செம்பில் என்பாரின் தலைமையில் சுமார் 30 பயிற்றுநர் கசுமிகவுரா விமானத்தளத்தை அடைந்து, கப்பற்றளத்தில் விமானத்தை ஏற்றியிறக்கவும் டோர்ப்பிடோ வீசவும் கற்பித்தனர். 1923இல் புதிய விமானந்தாங்கியான ஹோஷோவில் முதன்முதல் விமானத்தை இறக்கியவரும் யோர்டன் என்ற பிரித்தானியரே.

இவையெல்லாம் அரசறிய நடந்தவை. நாடு திரும்பிய செம்பிலோ, இரு நாடுகளின் நட்புறவு உடன்படிக்கை 1923இல் முடிவுற்ற பின்னரும் விமான இரகசியங்களை யப்பானியருக்கு வழங்கினார். 1926இல் விசாரிக்கப்பட்டும் அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. யப்பானியரின் தந்திகளைத் தாம் இடைமறித்துப் படிப்பது மன்றில் வெளிப்பட்டுவிடுமென அரசு அஞ்சியது. அவர் பிரபு குடும்பத்தவர் என்பதும் துணைபோயிருக்கலாம்.

ஆயினும், களவாய்ச் சென்றதினும் கற்பித்துக் கொடுத்ததே அதிகம் எனலாம். 1942 ஏப்பிரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் தாக்கிய விமானங்கள் யப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்தே எழுந்தன.