வாரிசாக வந்த கடையை விற்கும்போது: மூலதன ஆதாய வரி யாருக்கு, எவ்வளவு?

தந்தை வாங்கிப்போட்ட கடையை வாரிசுகள் சேர்ந்து விற்கிறார்கள். பணம் முழுவதும் மூத்த மகனின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அவர் பிரித்துக் கொடுக்கிறார், அல்லது பிறகு கொடுப்பதாகச் சொல்கிறார். சில காலம் கழித்து வருமான வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வரும்போதுதான் வரி என்ற பேச்சே எழுகிறது. கிரயத்துக்கு முன்பே பேச வேண்டிய விஷயம் இது.

இந்தியாவில் சொத்து வாரிசுரிமையாகக் கைக்கு வரும்போது வரி இல்லை; விற்கும்போதுதான் உண்டு. இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற வரி அமைப்பு முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. ஆகவே ஷரீஅத் சட்டப்படி கிடைத்த பங்கின் லாபத்துக்கு ஒவ்வொரு வாரிசும் தனித்தனியே வரி கட்ட வேண்டும், தனித்தனியே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

வரி விற்ற விலைக்கல்ல, லாபத்துக்கு. தந்தை வாங்கிய விலையே வாரிசுக்கும் அடக்கவிலை. அவர் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால், அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. தந்தையும் வாரிசும் வைத்திருந்த காலம் சேர்ந்து 24 மாதங்களைக் கடந்தால் நீண்டகால ஆதாயம். வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் கிடைத்த சொத்தானால், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கக் குறியீட்டின்படி அடக்கவிலையை உயர்த்தி 20 சதவீதமும் கணக்கிட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம்.

ஓர் உதாரணம். 1988-இல் வாங்கிய கடை, 2001 மதிப்பு 10 லட்சம். தந்தை 2015-இல் காலமானார். 2025-26 நிதியாண்டில் 80 லட்சத்துக்கு விற்பனை. வாரிசுகள் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். 40 பங்காகப் பிரித்தால் தாய்க்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. அந்த ஆண்டின் குறியீடு 376. 10 லட்சம் 37.6 லட்சமாகிறது, லாபம் 42.4 லட்சம். ஊரில் இருக்கும் மகனின் பங்கு 14.84 லட்சம், வரி 2,96,800 ரூபாய். வளைகுடாவில் வசிக்கும் மகனுக்குக் குறியீட்டுச் சலுகை கிடையாது, அவருக்கு 3,06,250. வேறு வருமானமே இல்லாத தாய்க்கு 5.3 லட்சம் லாபம். அதில் அடிப்படை விலக்கு 4 லட்சம் கழிய, வரி வெறும் 26,000. (இவற்றின் மேல் 4 சதவீத செஸ் உண்டு.) எல்லாவற்றையும் அண்ணன் கணக்கில் காட்டினால் தாயின், சகோதரியின் விலக்குகள் வீணாகிவிடும்.

சகோதரியின் விஷயத்தில் இன்னொன்று. பெரிய தொகைக்கான பதிவுகளைப் பதிவுத்துறை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கிறது. பங்குப் பணம் கைக்கு வராமலேயே விற்பவராகக் கையெழுத்திட்ட சகோதரியிடமும் வரிக் கேள்வி வரும். அவரது ஹக்கைப் பறித்ததுடன் வரிச் சுமையையும் ஏற்றிய கதையாகிவிடும். பத்திரத்திலேயே ஒவ்வொருவரின் பங்குத் தொகையையும் குறிப்பிட்டு, அவரவர் வங்கிக் கணக்குக்கே நேராகச் செலுத்தச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டிப் பயனில்லை. வழிகாட்டி மதிப்பு, காட்டிய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமானால் அந்த மதிப்புக்கே லாபம் கணக்கிடப்படும். சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டுவார். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்கில் பிடித்தம் மிக அதிகம்; நடைமுறையில் லாபத்துக்கல்ல, விலை முழுவதற்குமே பிடித்துவிடுகிறார்கள். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழைப் பதிவுக்கு முன்பே வரித்துறையிடம் வாங்கிவிட வேண்டும்.

கடையை விற்று வேறு கடை வாங்கினால் வரி இல்லை என்று பலர் நம்புகிறார்கள். தவறு. விலக்கு, குடியிருக்கும் வீட்டுக்குத்தான்: பங்குத் தொகை முழுவதையும் போட்டு 2 ஆண்டுகளுக்குள் ஒரு வீடு வாங்க வேண்டும், அல்லது 3 ஆண்டுகளுக்குள் கட்ட வேண்டும். விற்கும் நாளில் ஒன்றுக்கு மேல் வீடு இருக்கக் கூடாது. பகுதியளவு போட்டால் பகுதியளவே விலக்கு. 6 மாதத்துக்குள் 50 லட்சம் வரை அரசு நிறுவனப் பத்திரங்களில் 5 ஆண்டு முதலீடு செய்யும் வழியும் உண்டு. அவை வட்டி தருபவை என்பதால் நம்மில் பலர் அதைத் தொடுவதில்லை.

சொந்தக் கட்டடத்தில் தொழில் நடத்தித் தேய்மானம் கழித்து வந்தவருக்குக் கட்டடத்தின் கணக்கு வேறு. அதைக் குறுகியகால ஆதாயமாகவே கொள்வார்கள். அவர் கிரய ஒப்பந்தம் போடுமுன் பழைய ஐந்தொகைகளோடு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்குத் தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், 2001 மதிப்பீட்டு அறிக்கை, எல்லோரின் பான் அட்டை ஆகியவை கையில் இருந்தால் போதும்.