நப்தலீனில் மலர்ந்த ஒளிவளையம்

பெட்டகத்துப் பட்டுகளைப் பூச்சி அரியாதிருக்க நம் அன்னையர் நப்தலீன் உருண்டை இட்டு வைப்பர். திருவிழா நாளிற் பெட்டகத்தைத் திறந்ததும் முதலில் எழுவது அதன் மணமே. அந்த எளிய பொருள் ஒளியியல் வரலாற்றில் ஓரிடம் பெற்ற கதையை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

நீரில் அமிழ்த்திய கோல் முறிந்தாற்போலத் தோன்றுவதை யாவரும் அறிவோம். ஒளிக்கதிர் ஓர் ஊடகத்தினின்று வேறொன்றினுட் புகும்போது திசை மாறுவதே அதன் காரணம். சில பளிங்குகளிலோ ஒரு கதிர் இரண்டாகப் பிரியும். 1832ஆம் ஆண்டில் அயர்லாந்துக் கணித அறிஞர் ஹமில்ற்றன் இதனினும் வியப்பான ஒன்றைக் கணக்கினாலேயே கண்டார். குறித்த சில பளிங்குகளில், ஒரு தனித்திசையிற் செலுத்திய கதிர் கூம்பாக விரியும் என்றார். அப்போது அவருக்கு வயது 27. அவ்வாண்டு முடியுமுன்னரே டப்ளின் பேராசிரியர் லொயிட், அரகோனைற் என்னும் கனிமத்திற் சோதித்து அதனை மெய்ப்பித்தார்.

ஆயினும் அரகோனைற்றில் அக்கூம்பின் விரிவு 2 பாகைக்கும் குறைவு. 1 சதமமீற்றர் தடித்த கல்லிலும் ஒளிவளையத்தின் விட்டம் மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கே. நுணுகி ஆராய அது போதுமா?

நூறாண்டுக்கு மேல் கழிந்தபின், 1941இல், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் சேர் சி. வி. இராமனும், இராசகோபாலன், நெடுங்காடி என்போரும் நப்தலீன் பளிங்கை எடுத்துக்கொண்டனர். அதில் விரிவு ஏறத்தாழ 14 பாகை. அதே தடிப்பில் வளையம் ஏழு மடங்கு பெரிதாகும். அவர்கள் அதனை ஒளிப்படமாக்கினர். இடையே இருள் ஓடிய இரட்டை வளையம் தெளிவுறத் தெரிந்தது. காணும் தளத்தை வளையத்துக்கு அப்பால் நகர்த்தினால் நடுவே ஓர் ஒளிப்புள்ளி தோன்றும். அதனை விஞ்ஞானிகள் இன்று இராமன் புள்ளி என வழங்குவர்.

நிற்க. கண்ணாடிக் குற்றியும் ஊசிகளும் கொண்டு நாம் முறிவுச் சுட்டி கண்ட நாளை நினைத்துப் பார்ப்போம். விடை 1.5 என்று முன்னரே அறிந்து, அதற்கேற்ப ஊசியை நகர்த்தியவர் நம்மில் இல்லையா? நாமும் அவ்வாறு செய்தவர்களே என்பதை ஒளிக்காது கூறுகின்றோம். ஹமில்ற்றனின் விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தும், நோபல் பரிசு பெற்றுப் பதினோராண்டு கடந்த இராமன், விடையோடு அமையாது மீண்டும் பார்த்தார். அதனாலன்றோ விடைக்கு அப்பாலும் கண்டார்!

அளவெட்டி வாலிபர்களே, விலையுயர்ந்த கருவி நம்மிடம் இல்லையென்று வருந்த வேண்டாம். நப்தலீன் நம் வீட்டுப் பெட்டகத்திலும் உண்டு. ஊசியை நகர்த்தாத நேர்மையே நாம் தேடிக்கொள்ள வேண்டியது. அதைப் பழக்கித் தருவது பெரியோர் கடன். பழகுவது நம் கடன்.