கைத்திறனும் எண்பலமும்: வீடியோ விளையாட்டுப் போரின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

எந்தவொரு கலைவடிவமும் அதனை ஆக்கி விற்கும் முறையினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. வீடியோ விளையாட்டுகளும் இதற்கு விலக்கல்ல. அவற்றில் எதிரியை வெல்வதற்கு இரு வழிகள் உள. ஒன்று, விளையாடுபவர் தம் கண்ணையும் கையையும் பழக்கித் திறன் பெறுதல். மற்றையது, சிறிய எதிரிகளைத் திரும்பத் திரும்பக் கொன்று, தாம் இயக்கும் பாத்திரத்தின் பலத்தைக் குறிக்கும் எண்களை உயர்த்துதல். இவற்றுள் எது சிறந்தது என்னும் விவாதம் பெரும்பாலும் சுவை பற்றியதாகவே நின்றுவிடுகின்றது. அதன் பொருளியல் அடிப்படையும் ஆராயப்படுதல் வேண்டும்.

1978இல் யப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நாணயம் இட்டு விளையாடும் பொறியாகும். அதில் விளையாடுபவரது பீரங்கியின் பலம் இறுதிவரை மாறுவதில்லை. எதிரிகளோ தொகை குறையக் குறைய விரைந்து நகர்கின்றனர். வளரக்கூடியது மனிதத் திறன் ஒன்றே. திறன் வளர, ஒரே நாணயத்தில் நெடுநேரம் விளையாடலாம். பொறி உரிமையாளரின் வருவாயோ ஆட்டம் விரைந்து முடிவதிலேயே தங்கியிருந்தது. ஆகவே, கடினம் என்பது அங்கு அழகியற் பண்பாக மட்டுமன்றி வணிகத் தேவையாகவும் அமைந்தது.

எண்பலத்தின் மூலம் வேறு. 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோரது ஆக்கமாக வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு, பாத்திரத்தின் அனுபவத்தைப் புள்ளிகளாகவும் படிநிலைகளாகவும் கணக்கிட்டது. 1981இல் வெளிவந்த 'விசார்ட்ரி' போன்றவை இம்முறையை வீட்டுக் கணனிக்குக் கொணர்ந்தன. 1986இல் யூஜி ஹோரி வடிவமைத்த 'டிராகன் குவெஸ்ட்' அதனை யப்பானிய இல்லங்களிற் பரப்பிற்று. அதில் மிக எளிய எதிரியைக் கொன்றால் 1 அனுபவப் புள்ளி கிடைக்கும். இரண்டாம் படிநிலைக்கு 7 புள்ளிகள் வேண்டும். நாயகன் மாண்டால் பொன்னிற் பாதியை இழப்பான், அனுபவத்தை இழப்பதில்லை. கைவேகம் அற்றவரும் பொறுமையால் வெல்லலாம் என்றவகையில் இது சனநாயகப் பண்புடையது. அதேவேளை, 64 கிலோபைற்றில் அடங்கிய சிற்றுலகைப் பல மணிநேரம் நீட்டிக்கும் உத்தியுமாயிற்று.

மாதச் சந்தாவுடன் 2004இல் வந்த 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' போன்றவற்றில் அப்பொறுமை விலைப்பொருளாயிற்று. ஆட்டம் நீள நீள, சந்தாவும் நீண்டது. எண்ணுயர்த்தல் சிலருக்குக் கூலி உழைப்பாகவே மாறிற்று. சீனாவில் இளைஞர்கள் கூலிக்கு நெடுநேரம் விளையாடி ஈட்டிய விளையாட்டுப் பொன்னை, நேரமற்ற வசதிபடைத்தோர் உண்மைப் பணங்கொடுத்து வாங்கினர்.

2011இல் வெளிவந்த 'டார்க் சோல்ஸ்' இரு மரபுகளையும் இணைத்தது. அதிற் படிநிலைகள் உண்டு. எனினும், தேர்ந்தவர் முதற் படிநிலையைவிட்டு உயராமலே இறுதிவரை செல்லலாம். மாண்டால், ஈட்டிய ஆன்மாக்கள் மாண்ட இடத்திலேயே கிடக்கும்; மீட்குமுன் மீண்டும் மாண்டால் அவை அழியும்.

திறனை உயர்வென்றும் பொறுமையான உழைப்பை இழிவென்றும் கொள்ளுதல் பொருந்தாது. திறன்தானும் ஓய்வுநேரம் உடையோர்க்கே எளிதிற் கைகூடுவது. விளையாடுபவரது நேரத்தின் பயன் யாரைச் சேர்கின்றது என்பதே அடிப்படை வினா. பழகிப் பெற்ற திறன், பொறியை நிறுத்திய பின்னரும் மனிதரிடமே எஞ்சும். இணைய விளையாட்டில் உயர்த்திய எண்களோ நிறுவனத்தின் கணனியில் உள்ளன. அது மூடப்படும் நாளில் அவ்வுழைப்பும் மறைந்துவிடும்.