முன்மணங்களும் ஏட்டுச் சான்றும்

தலைவன் பின்னும் ஒரு மணம் கொள்வதும், முன்னை மனைவி அப்புதியவளை எதிர்கொள்வதும் தொல்காப்பியக் கற்பியலில் இடம்பெறுகின்றன. 'பின்முறை வதுவை', 'தொன்முறை மனைவி' என அந்நிலைகளை நூல் கூசாது சுட்டுகின்றது. இலக்கணம் பெயரிட்டு உரைத்த ஒன்றைக் குடும்பங்கள் பெயரிடாது மறைத்தல் உண்டு. மறைந்ததை ஏடுகள் எவ்வாறு காட்டும் என்பதைத் திருப்பூர் வட்டாரக் குடும்பம் ஒன்றன் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அக்குடும்பம் எம்முடையதே.

எம் தந்தையார் மறைந்தபின் வாரிசுச் சான்று வேண்டி விண்ணப்பம் எழுதப் புகுந்தோம். அப்பொழுதுதான், எம் அன்னையார்க்கு முன் அவர்க்கு மனைவியர் இருவர் இருந்தனர் என்பதை உறவின் முதியவர் ஒருவர் கூறக் கேட்டோம். 'மூத்தவள்', 'அடுத்தவள்' என்பதற்குமேல் அவர்க்கும் பெயர் தெரியவில்லை.

இச்செய்தி பெரியதோர் ஐயத்தை எழுப்பிற்று. மனைவி உயிருடனிருக்க வேறொருத்தியை மணத்தல் சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தாலும் செல்லாததாயிற்று. எம் தந்தையாரின் மணங்கள் மூன்றும் இவற்றிற்குப் பிற்பட்டவை. முன்னையோர் இறந்தனரா, தீர்வு பெற்றனரா, அன்றி வாளா கைவிடப்பட்டனரா என்பதைப் பொறுத்தே எம் அன்னையாரின் மணம் நிற்கும். மக்களாகிய எமக்கு 1976-இல் திருத்தம் பெற்ற அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு காப்பளிக்கின்றது. அன்னையார்க்கு அத்தகைய காப்பில்லை.

திருமணப் பதிவேட்டில் தேடுதல் பயன் தரவில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தல் கட்டாயம் என்னும் நிலை 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன்னர், அருமைக்காரர் சீர்கள் செய்விக்க, மங்கல வாழ்த்து ஒலிக்க நிகழ்ந்த கொங்குத் திருமணத்திற்கு ஊரே சான்று. எம் இல்லத்துப் பழைய மொய்க் குறிப்பேட்டில் பணம் வைத்தார் பெயரெல்லாம் உள. மணமகள் பெயர் இல்லை.

தொழிலிடத்து ஏடுகளும் உதவவில்லை. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதிச் சட்டம் நெசவாலைகளைத் தொடக்கத்திலேயே தன்னுள் கொண்டது. ஆயினும் முதலில் ஐம்பது பேர், 1960 முதல் இருபது பேர் என்னும் வரம்பு இருந்தமையால், எம் தந்தையார் வேலை பார்த்தவை போன்ற சிறு பனியன் கம்பெனிகள் அதனுள் அடங்கவில்லை. ஆலைத் தொழிலாளியின் மனைவி பெயரேனும் நியமனப் படிவத்தில் நின்றிருக்கக்கூடும். இவர் மனைவியர்க்கு அவ்வாய்ப்பும் இல்லை.

எஞ்சியவை இறப்புப் பதிவேடும் சார்பதிவாளர் அலுவலகப் பத்திரங்களுமே. திருப்பூர் மாவட்டம் 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைந்தது. ஈரோடு மாவட்டமும் 1979-இல் கோவையினின்று பிரிந்ததே. ஆதலின் இவ்வட்டாரத்து ஆய்வாளர் இன்றைய எல்லையைக் கொண்டு தேடாது, ஆவணம் எழுந்த காலத்து எல்லையைக் கொண்டு தேடுதல் வேண்டும். இதனை அறியாமையால் யாம் இழந்த நாள்கள் பல.

முதல் மனைவியாரின் பெயர் ஊர் மணியகாரர் எழுதிவந்த இறப்புப் பதிவேட்டில் கிடைத்தது. இரண்டாமவர் பெயர், தந்தையார் நிலத்திற்கு வில்லங்கம் பார்த்தபொழுது தெரிந்த விடுதலைப் பத்திரம் ஒன்றில் கிடைத்தது. ஊரார் முன்னிலையில் வழக்கப்படி தீர்ந்துகொண்டதாகவும், சீவனாம்சத்திற்கு ஈடாகத் தொகை பெற்றுக்கொண்டதாகவும் அது கூறுகின்றது. கீழே அவரது பெருவிரல் இரேகை உளது. வழக்காற்றுத் தீர்வுகளை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு விலக்காது போற்றுகின்றது. ஆயினும் அத்தகைய வழக்காறு உண்டென்பதை மெய்ப்பித்தல் வேண்டும். பத்திரம் ஒன்றே அதற்குப் போதாது. ஆகவே எம் ஐயம் பெரிதும் குறைந்ததேயன்றி முற்றும் நீங்கிற்றென்று கூறோம்.

இவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. இவ்விருவரும் மணத்தால் ஏட்டில் ஏறியவரல்லர். மணம் முடிவுற்றமையால் ஏறியவர். ஒருவரைச் சாவு எழுதிற்று. மற்றவரைப் பிரிவு எழுதிற்று. ஏதேனும் ஓர் ஊரில், சாவும் சொத்தும் ஏட்டில் ஏறாது மறைந்த மனைவியர் எத்துணையரோ! ஏட்டில் இல்லாமையை வாழ்வில் இல்லாமையாகக் கொள்ளுதல் ஆய்வுநெறியாகாது.

அவ்விடுதலைப் பத்திரத்தில் மற்றொரு தொடரும் இருந்தது: தாயின் பொறுப்பில் வளரும் பெண்குழந்தை பற்றியது. தாய் எழுதிக்கொடுத்த விடுதலை மகளின் உரிமையைப் போக்காது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, தந்தை தாமே ஈட்டிய பொருளில் அவர்க்கும் எமக்கும் பங்கு ஒன்றே. அவரைத் தேடிக் கண்டோம். விண்ணப்பத்தை மீண்டும் எழுதியபொழுது, மக்கள் வரிசையில் எம் பெயர்க்கு மேல் தமக்கையார் பெயரை எழுதினோம்.