பழைய தாளில் எழுதிய புதுச் சுலோகம்

இந்த எபிசோடில் தடுப்பூசி பயத்தைப் பற்றிப் பேசப் போறோம். ஆனா 2020-லிருந்து ஆரம்பிக்கப் போறதில்லை. புதுக்கோட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திருச்சி ரோட்டில் புதுக்கோட்டையை விட்டு வெளியே வந்தா நார்த்தாமலை. வரலாறு படிச்சவங்களுக்கு அது விஜயாலய சோழீச்சரம் இருக்கிற மலை. மாவட்டத்து ஜனங்களுக்கு அது முத்துமாரியம்மன் கோயில், பங்குனித் திருவிழா, பால்குடம், காவடி. கொன்னையூரிலும் முத்துமாரிதான். இந்த 'முத்து' கடலில் எடுக்கிற முத்து இல்லை. அம்மை கண்ட உடம்பில் எழும்பும் கொப்புளத்துக்கும் முத்துன்னுதான் பேர். "முத்துப் போட்டிருக்கு"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க.

வீட்ல யாருக்காவது அம்மை வந்தா 'அம்மா வந்திருக்கா'ன்னு சொல்வாங்க. நோய்னு சொல்ல மாட்டாங்க. வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, எல்லாம் இறங்கின பிறகு தலைக்குத் தண்ணி. பெரியம்மை வந்தவங்கள்ல ஏறக்குறைய 10 பேருக்கு 3 பேர் இறந்துபோன காலம் அது. அவ்வளவு பெரிய பயத்தோட வாழறதுக்கு ஜனங்க கண்டுபிடிச்ச மொழி இது. வந்தவளைத் திட்டக்கூடாது, மனசு குளிர வச்சு அனுப்பணும். இப்போ ஒருத்தர் வந்து, 'அவ வராமலே இருக்க உங்க குழந்தை கையில் கீறி மருந்து வைக்கிறேன்'னு சொன்னா எப்படி இருக்கும்?

அப்படி ஒருத்தர் வந்த வருஷம் 1802. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், பசுவுக்கு வர்ற அம்மையைக் கொண்டு மனுஷனைக் காப்பாத்தலாம்னு காட்டியது 1796-ல். அந்த மருந்து பாக்தாத், பாஸ்ரா வழியா பம்பாய் வந்து, 1802 ஜூன் 14 அன்று ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு வைக்கப்பட்டது. அங்கிருந்து சீக்கிரமே சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. புதுக்கோட்டை அப்போ தொண்டைமான் சமஸ்தானம்.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் மருந்தை எப்படிக் கொண்டு வந்தாங்க? குழந்தைகள் மூலமாத்தான். ஒரு குழந்தைக்கு வச்சு, எட்டு நாள் கழிச்சு அந்தக் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு, பிறகு அதுக்கு அடுத்த குழந்தைக்கு. கைக்குக் கை. பம்பாயிலிருந்து கிளம்பினது ஒரு மருந்துப் புட்டி இல்லை, ஒரு குழந்தைச் சங்கிலி.

நம்ம பாடப்புத்தகம் இங்கேதான் 'மூடநம்பிக்கையால் மக்கள் எதிர்த்தனர்'னு ஒரு வரியில் முடிச்சிடும். எனக்கு அந்த வரி பிடிக்கறதில்லை. யார் உடம்பு நீர் என் பிள்ளை உடம்பில் ஏறுதுங்கிற கேள்வியில் சாதி இருந்துச்சு, அதை மறைக்க வேண்டாம். ஆனா கொடுத்த குழந்தைக்கு வேற நோய் இருந்தா அதுவும் சேர்ந்து வருமாங்கிற கேள்வியும் இருந்துச்சு. அது நியாயமான கேள்வி. மேகநோய் இப்படிப் பரவினதை ஐரோப்பிய மருத்துவர்களே பிறகு ஒத்துக்கிட்டாங்க. கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுக்கிற முறைக்கு மாறினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தத் தயக்கத்துக்குச் சென்னையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கண்டுபிடிச்ச பதில்தான் இன்னிக்கு நம்ம கதை. எஃப். டபிள்யூ. எல்லிஸ், சென்னை கலெக்டர். தமிழ் நல்லாத் தெரிஞ்சவர். திருக்குறளை மொழிபெயர்த்தவர், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம்னு 1816-லேயே எழுதினவர். கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னாடி! அந்த எல்லிஸ் அம்மை குத்துறதைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு சின்னச் செய்யுள் எழுதினார். பழைய தாளில் எழுத வச்சு, அது எங்கேயோ கிடைச்ச பழைய நூல்னு சொல்லவும் வச்சார். பிராமணர்கள் பசுவின் பெருமைன்னு நம்பி ஏத்துக்குவாங்கங்கிறது கணக்கு. இதைப் பதிவு செய்தது எதிரிகள் இல்லை, ஜென்னரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் பேரன். புத்திசாலித்தனம்னு பாராட்டித்தான் எழுதியிருக்கார்.

1819 ஜனவரியில் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. எழுதினவர் பேர் 'கல்வி விரும்பன்'. பசு மடியின் கொப்புளத்து நீரை எடுத்துக் கையில் வைக்கும் முறையை தன்வந்திரியின் நூலே சொல்லுதுன்னு அந்தக் கடிதம் சொல்லிச்சு. ரெண்டு மாசத்தில், புதுக்கோட்டைக்குப் பக்கத்து ராமநாதபுரத்தில் எல்லிஸ் இறந்துபோனார். கடிதம் சாகலை. லண்டன் பத்திரிகைகளில் மறுபடி அச்சாச்சு, புத்தகங்களில் ஏறுச்சு. 1905-ல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் திறப்பு விழாவில் ஆளுநர் ஆம்ப்ட்ஹில் பிரபு, தன்வந்திரி காலத்திலேயே இந்தியாவில் பசு அம்மை மருந்து இருந்திருக்கலாம்னு பேசினார். அம்மை மருந்து தயாரிக்கிற அதே நிறுவனத்தில்! அரசாங்கத்து ஆள் ஊரை நம்ப வைக்கச் சொன்ன பொய், 86 வருஷம் கழிச்சு அரசாங்கத்தையே நம்ப வச்சிருச்சு. மூலத்தைத் தேடிப் போய் இது பக்திப் போர்வையில் செய்த மோசடின்னு டொமினிக் வுயாஸ்டிக் என்ற ஆய்வாளர் எழுதியது 1987-ல். உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'ஜென்னருக்கு முன்பே நம் முன்னோர்' ஃபார்வர்டு வந்தா, அனுப்பினவருக்குத் தெரியாம அதுக்குள்ள எல்லிஸ் உட்கார்ந்திருக்கலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, தமிழில் இந்த மருந்துக்கு 'அம்மைப்பால்'னு ஒரு பேர் புழக்கத்துக்கு வந்துச்சு. பசு, பால், அம்மை மூணும் ஒரே சொல்லில். போலிச் செய்யுள் இல்லாமலே நம்ம மொழி அதைத் தன்னோடதா ஆக்கிக்கத் தெரிஞ்சிருக்கு.

இப்போ 2021. ஜனவரியில் கோவேக்சின் போட்டவங்க ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு அப்போ வரலை. டாக்டர்கள், நர்சுகளே தயங்கினாங்க. அந்தத் தயக்கத்தைப் போக்க அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர் சென்னையில் அதையே போட்டுக்கிட்டார். அவரும் ஒரு டாக்டர், அப்போ புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை எம்.எல்.ஏ. என்னைக் கேட்டா, அந்தப் படிவம் எல்லிஸின் செய்யுளை விட எவ்வளவோ மேல். பயமுறுத்துச்சுதான். ஆனா தெரியாததைத் தெரியாதுன்னு எழுதியிருந்துச்சு.

ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் எல்லார் முன்னாடியும் ஊசி போட்டுக்கிட்டார். 17-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். அன்னிக்கு எழுந்த கேள்வியைக் கேட்ட யாரையும் முட்டாள்னு சொல்ல எனக்கு மனசு வரலை. 2008-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நாலு குழந்தைகள் இறந்ததைப் பார்த்த மாநிலம் இது. விவேக் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லைன்னு டாக்டர்கள் உடனே சொன்னாங்க. முறையா விசாரிச்ச தேசியக் குழுவின் முடிவும் அதேதான். ஆனா அது வெளிவந்தது அக்டோபரில்.

நடுவுல மே மாசம் இருந்துச்சு. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேல் தொற்று. ஏப்ரலில் வேண்டாம்னு வீட்டில் இருந்தவங்களும் ஆதாரைக் கையில் வச்சுக்கிட்டு விடியறதுக்கு முன்னாடி வரிசைக்கு வந்தாங்க. ஜூன் தொடக்கத்தில் பல ஊர்களில் வாசலில் போர்டு மாட்டியிருந்தது: தடுப்பூசி இருப்பு இல்லை.