ஈழத்துப் பொப் இசை

ஈழத்துப் பொப் இசை என்பது 1960களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை இலங்கைத் தமிழரிடையே ஓங்கியிருந்த துள்ளிசை வகை. பைலாத் தாளம், கிற்றார், யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழ் மூன்றும் சேர்ந்து உருவானது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் இதன் முதன்மைப் பாடகர்கள். போரும் புலம்பெயர்வும் இதை ஒரு தலைமுறையின் காதுக்கு எட்டாமல் செய்தன. 2000களுக்குப் பின்னர் பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களும் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளும் இதைத் தேடிக் கேட்கத் தொடங்கினர்.

பின்னணி

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில் உள்ள ஊர்காவற்றுறைத் துறைமுகமும் கடற்கோட்டையும் போர்த்துக்கேயர் காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் இலங்கைக்கு வந்த ஆடல்பாடல் மரபிலிருந்தே பைலா பிறந்தது. ஆனால் தமிழ்ப் பொப்புக்குப் பைலா வந்த வழி தீவகம் அல்ல, கொழும்பு. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பைலாவை மேடைக்கும் வானொலிக்கும் உரிய பாட்டாக்கினார். 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு மின்கிற்றாருடன் சிங்களத்தில் புதிய பாட்டுகளைத் தந்தது.

அக்காலத் தமிழ் இசையுலகில் ஒருபக்கம் கர்நாடக சங்கீதம், மறுபக்கம் தென்னிந்தியச் சினிமாப் பாட்டு. சொந்த மண்ணின் பேச்சில் பாட இடம் மிகக் குறைவு. எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வானொலியில் ஈழத்து மெல்லிசையை வளர்த்தனர். பொப் இசை அதைவிடத் துணிந்து தெருப் பேச்சையே பாட்டாக்கியது.

பாடகர்களும் பாடல்களும்

உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் தமிழ்ப் பொப் இசையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகியன அவருடைய புகழ்பெற்ற பாடல்கள். மாமி மகள்மீது கண்வைத்த இளைஞனும் கள்ளுக் குடியும் சங்கீத மேடை ஏறாத பேசுபொருள்கள். பனை சூழ்ந்த யாழ். குடாநாட்டிலும் தீவகத்திலும் அவை எல்லாருக்கும் தெரிந்த வாழ்க்கை. அதனாலேயே ஒருமுறை கேட்டவர் வாயில் அப்பாட்டுகள் ஒட்டிக்கொண்டன. நித்தி பின்னர் அவுஸ்திரேலியாவில் குடியேறினார்.

பொப் இசைச் சக்கரவர்த்தி எனப்பட்ட ஏ. ஈ. மனோகரன் தமிழகத்தில் 'சிலோன் மனோகர்' என அறியப்பட்டார். மேடையில் அவர் பாட்டோடு ஆடவும் செய்தார். கூட்டத்தையும் ஆட வைத்தார். அவர் குரலில் புகழ்பெற்ற 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து ஒலித்தது. இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' (1977) படத்தில் அந்த மெட்டு மலேசியா வாசுதேவன், ரேணுகா குரல்களில் வந்தது. தமிழகத்தில் பலர் அதைச் சினிமாப் பாட்டாகவே அறிந்தனர். மனோகரன் சென்னையில் குடியேறிப் பல இந்தியப் படங்களில் நடித்தார். 2018 ஜனவரி 22 அன்று அங்கேயே காலமானார்.

திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' இதே காலத்தின் இன்னொரு குறிப்பிடத்தக்க பாடல்.

நெடுந்தீவும் வாடைக்காற்றும்

இவ்விசையின் முன்னணிக் கலைஞர் ஒருவரைத் தீவகத்தோடு இணைக்கும் படைப்பு 'வாடைக்காற்று'. செங்கை ஆழியான் (க. குணராசா, 1941–2016) எழுதிய இந்நாவல், வாடை பெயரும் பருவத்தில் நெடுந்தீவுக் கரையில் வாடி (தற்காலிகக் குடில்) அமைத்துத் தொழில் செய்யும் மீனவரைப் பற்றியது. பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் 1978இல் அது திரைப்படமானது. மனோகரன் முக்கிய வேடம் ஏற்றார், ரி. எவ். லத்தீப் இசையமைத்தார். படப்பிடிப்பு மன்னார்ப் பேசாலையில் நடந்தது. துள்ளல் பாட்டுக்காரர் என்று அறியப்பட்டவர் கடற்றொழிலாளியின் வாழ்வை நடித்துக் காட்டிய இப்படம், அக்காலக் கலைஞர்கள் சொந்த நிலத்தை எல்லா வடிவங்களிலும் தேடினார்கள் என்பதற்குச் சான்று.

எழுச்சியும் மறைவும்

1970–77 ஆட்சியில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. உள்ளூர் எழுத்துக்கும் கலைக்கும் இடம் கிடைத்தது. பொப் இசையின் பொற்காலமும் அந்த ஆண்டுகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கசெற் கருவிகள் பெருகின. அவற்றோடு தமிழகச் சினிமாப் பாட்டும் பெருகியது. உள்ளூர்ப் பாடகருக்குப் போட்டி கடினமானது.

அதன்பின் வந்தவை இசையைத் தாண்டிய அழிவுகள். 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலை வன்முறை கொழும்புத் தமிழரைச் சிதறடித்தது. தமிழரும் சிங்களவரும் ஒரே அரங்கில் ஆடிய கொழும்பு நிகழ்ச்சிகளுக்கு அடித்தளமாக இருந்த சமூகமே கலைந்தது. 1990களின் தொடக்கத்தில் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்தின் வேலணை, மண்டைதீவு, ஊர்காவற்றுறை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீட்டைப் பூட்டி ஓடியவர்கள் இசைத்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. குடாநாட்டில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அந்த ஆண்டுகளில் விடுதலைப் பாடல்களே மேலோங்கின; கேலியும் காதலும் கலந்த பழைய துள்ளிசை பின்னுக்குப் போனது.

மீள்கண்டெடுப்பு

தன் காலத்தில் கவனிக்கப்படாத இசையோ, ஓங்கியிருந்து மறக்கப்பட்ட இசையோ பின்னர் கண்டெடுக்கப்படுவது உலகெங்கும் நடந்துள்ளது. அமெரிக்காவின் டெட்றொயிற் நகரில் ஹக்னி சகோதரர் மூவர் நடத்திய 'டெத்' என்ற கறுப்பினக் குழு, பங்க் இசை பெயர் பெறுவதற்கு முன்பே 1975இல் அதே வேகத்தில் பாடல்களைப் பதிவுசெய்தது. குழுவின் பெயரை மாற்றச் சொன்ன நிறுவனத்துக்கு மறுத்துவிட்டு, 1976இல் 500 இசைத்தட்டுகளைத் தாமே வெளியிட்டனர். அவை சேகரிப்பாளர் கைக்கு எட்டியபின், முழுத் தொகுப்பு 2009இல்தான் வந்தது. குழுவை வழிநடத்திய டேவிட் அதைக் காணவில்லை, 2000இல் இறந்துவிட்டார்.

ஈழத்துப் பொப்பும் ஏறக்குறைய இவ்வழியிலேயே மீண்டது. ஐரோப்பிய வெளியீட்டகம் ஒன்று சிங்கள, தமிழ்ப் பொப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பாடல்கள் யூரியூப்பில் ஏறின. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறது.

மதிப்பீடு

இவ்விசை மங்கியது தரக்குறைவால் அன்று. இரண்டொரு கிற்றாரும் பொங்கோசும் பழகிய பேச்சும் இருந்தால் பாட்டுப் பிறக்கும் என்று, எவர் அனுமதிக்கும் காத்திராமல் நிறுவிய இளைஞர்களின் படைப்பு இது. பங்க் இசைக்குக் கிடைக்கும் மரியாதை இதற்கும் உரியது. இன்று பல பாடல்கள் மீண்டும் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் பதிவேற்றங்கள் பலவற்றில் எழுதியவர், வாசித்தவர், பதிவு நடந்த ஆண்டு என்ற விவரம் எதுவும் இல்லை. பெயர் தெரியாத பாட்டை வேறொருவர் தமதாக்குவது எளிது. சினிமாப் பாட்டாகவே பலர் அறிந்த 'சுராங்கனி' அதற்குப் பாடம். அக்காலக் கலைஞர்களில் எஞ்சியிருப்போர் முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் சொல்லக்கூடிய காலத்திலேயே அந்த விவரங்களைப் பதிந்துவைப்பது இசை ஆர்வலருக்கும் ஆய்வாளருக்கும் முன்னுள்ள முதற்கடமை.